டாக்டரம்மாவிடம் அம்மா சொல்லாமல் விட்டவை

பிரஷர் இருக்கிறது என்று ஒருவருக்கு முதன்முதலாகச் சொல்லப்படும்போது நம்மூர் கிளினிக்குகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடும். அழுத்தம் கூடியிருக்கிறது, இந்த மாத்திரையைத் தினமும் போடுங்கள், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியே டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டமே காத்திருக்கும்போது மருத்துவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆனால் சளி, காய்ச்சலைப் போல ஒரு சீட்டில் தீர்ந்துபோகிற விஷயம் அல்ல இது. பத்து, இருபது ஆண்டுகள் நீளப்போகிற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் பாதி விவரம் மருத்துவரிடம் இருக்கிறது, மறுபாதி நோயாளியிடம் மட்டுமே இருக்கிறது. அந்த மறுபாதி மேசைக்கு வராதவரை எழுதப்படும் மாத்திரை ஊகத்தில் எழுதப்படுவதுதான் என்பதை, அம்மாவுக்குத் துணையாக மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் கண்கூடாகப் பார்த்தேன்.

அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. தஞ்சாவூரில் என்னோடும் என் மனைவியோடும் இருக்கிறார். பல ஆண்டுகளாகப் பிரஷர் மாத்திரை போட்டுவந்தவர். முதலில் அம்லோடிபின் 5 மில்லிகிராம், பிறகு அதுவே 10, அதற்குப் பிறகு சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை ஒன்றும் சேர்ந்தது. மருந்து கூடிக்கொண்டே போயிற்று, அளவு மட்டும் இறங்கவில்லை. வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவர் வெளியூர் போய்விட்டதால், பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போக ஆரம்பித்தோம். இந்தக் கட்டுரை அவருடன் நடந்த பேச்சுகளைப் பற்றியது.

முதல் நாள் அவர் அளந்தபோது மேல் அளவு 168, கீழ் அளவு 94. அம்மா பதறவில்லை. "எழுபது வயசுக்கு நூத்தி எழுபது சரிதானே டாக்டரம்மா? வயசோட நூறைக் கூட்டணும்னு சொல்வாங்களே" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அந்தக் கணக்கைப் போட்டவங்க காலத்துல இதுக்கு ஒழுங்கான மருந்தே கிடையாதும்மா" என்றார்.

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. வயது ஏற ஏற அழுத்தமும் ஏறுவது இயல்பு, விறைத்துப்போன குழாய்களில் ரத்தம் ஓட அது தேவையும்கூட என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து தமது 63ஆம் வயதில் அவர் இறந்தபோது பதிவான அளவு 300க்கு 190. உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவ வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மனிதருக்கே அவ்வளவுதான் செய்ய முடிந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வுதான், அழுத்தம் கூடக்கூட மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன, வயதானவர்களும் இதற்கு விலக்கல்ல என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது. தினமும் விழுங்கக்கூடிய, பெரிய தொல்லை தராத முதல் மாத்திரை எனத் தக்க குளோரோதையசைடு 1958இல்தான் வந்தது. வயதோடு நூறைக் கூட்டும் வழக்கம் அதற்கும் முந்தைய காலத்தின் மிச்சம். நம் திண்ணைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அன்று டாக்டரம்மா மருந்தை மாற்றவில்லை. 168 என்று வந்ததும் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்த எனக்கு இது வியப்பாக இருந்தது. வீட்டில் ஒரு வாரம் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். மாடிப்படி ஏறி வந்து, கூட்டத்தில் காத்திருந்து, உள்ளே நுழைந்ததும் கையை நீட்டுகிறவருக்கு வருகிற எண், வீட்டில் நாள் முழுவதும் அவர் உடம்பில் இருக்கிற எண்ணாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறுகிற அழுத்தம் என்று இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. இதற்கு நேர்மாறானதும் உண்டு: கிளினிக்கில் நல்ல பிள்ளையாக 130 காட்டிவிட்டு வீட்டிலும் வேலையிடத்திலும் 150க்கு மேல் போகிறவர்கள். இரண்டாவது வகையினர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள், ஏனென்றால் அவர்களை யாரும் தேடுவதில்லை.

கருவி வாங்குவதற்கும் அவர் குறிப்புகள் சொன்னார். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் சுற்றுவதாக இருக்கட்டும்; பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், சிறிய பட்டையைப் பருத்த கையில் இறுக்கினால் எண் கூடுதலாகவே வரும்; வாங்கிய கருவியை ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுவந்தால் தன்னுடையதோடு ஒப்பிட்டுத் தருவதாகவும் சொன்னார். அளக்கும் முறை சின்னச் சின்ன விதிகளால் ஆனது. அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காப்பி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் படிந்திருக்க, காலுக்கு மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசை மேல், இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும். முதல் நாள் எண்களைக் கணக்கில் சேர்க்காமல் மற்ற நாட்களின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். வீட்டு அளவில் சராசரி 135க்கு 85 என்பதுதான் எல்லைக்கோடு. கிளினிக்கின் 140க்கு 90க்கு அது சமம்.

கை விஷயத்தை நான் சாதாரணமாக நினைத்திருந்தேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு மரியாதை வந்தது: கையை மேசையில் வைக்காமல் மடியில் வைத்தால் மேல் அளவு சராசரியாக 4 கூடுதலாகவும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6க்கு மேல் கூடுதலாகவும் காட்டுகிறதாம். மேசை ஓரத்தில் இடமில்லை என்று நோயாளியின் கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவசரமாக அளக்கும் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே பிறக்கிற எண்ணை நம்பித்தான் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் மருந்து எழுதப்படுகிறது.

எங்கள் வீட்டில் இதை நடைமுறைப்படுத்துவது அத்தனை எளிதாக இல்லை. அம்மாவை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைப்பதே பெரும்பாடு. பட்டை இறுகத் தொடங்கியதும் அவருக்குப் பேச்சு வந்துவிடும். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று மருமகளைக் கேட்பார், வாசலில் வந்த கீரைக்காரியிடம் விலை பேசுவார். பேசினால் எண் ஏறுகிறது என்பதை அவர் நம்பவில்லை. என் மனைவி ஒருநாள் பேசவிட்டு ஒருமுறையும் பேசாமல் ஒருமுறையும் அளந்து, இரண்டு எண்களையும் அவரிடமே காட்டினார். அதன் பிறகு பட்டை கட்டியிருக்கும்போது கீரைக்காரி சைகையில்தான் பதில் பெற்றார். எண்களைத் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் தேதி வாரியாக எழுதி, நூலில் கோத்துக்கொண்டு போனோம். சராசரி 152க்கு 86 வந்தது. அதாவது, கிளினிக்கில் காட்டிய அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் மருந்து போட்டும் கட்டுக்குள் இல்லை.

இந்த இடத்தில்தான் பேச்சு சுவையானதாக மாறியது. இரண்டு மருந்து போட்டும் ஏன் இறங்கவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: மருந்து போதவில்லை, மருந்து வயிற்றுக்குள் போகவில்லை, அல்லது மருந்தை எதிர்த்து வேறு ஏதோ ஒன்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் இருக்கும் எந்த மருத்துவரும் முதல் காரணத்தை எடுத்துக்கொள்வார். டாக்டரம்மா மூன்றாவதிலிருந்து தொடங்கினார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். "வேற எதுவும் இல்லைங்க" என்றார் அம்மா, முழு நேர்மையோடு. டாக்டரம்மா கேள்வியை மாற்றினார். "மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டே ஏறினீங்களே, வலிக்கு என்ன பண்றீங்க?" அம்மா கைப்பையின் உள்ளறையைத் திறந்து, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மருந்துக்கடையில் மூட்டு வலிக்கு என்று கேட்டால் கொடுப்பது, டைக்ளோஃபெனாக் கலந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, முடியாத நாளில் இரண்டு. எத்தனை காலமாக என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லை. எனக்கே அது புதுச் செய்தி. அம்மாவின் மனக்கணக்கில் மாத்திரை என்பது டாக்டர் எழுதிக்கொடுத்துத் தினமும் போடுவது. வலிக்கு வாங்கிப் போடுவது தைலம் தேய்த்துக்கொள்வதைப் போன்ற வீட்டுக் காரியம். அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. கேள்வி அந்தப் பையைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. பிரஷர் மாத்திரை ஒரு பக்கம் இறக்கப் பார்க்க, இது மறுபக்கம் ஏற்றும். அதைவிடக் கவலைக்குரியது, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும் டெல்மிசார்டான் வகைப் பிரஷர் மாத்திரையும் வலி மாத்திரையும் ஒருசேர உள்ளே போனால் வயதானவர்களின் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம் என்பது. பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் எதிர்வீட்டு அக்காவும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கட்டுப்படாத அழுத்தமே சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கிறது என்பதும், நேரடியாகக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதும்தான் இதிலுள்ள விசித்திரம். வலி மாத்திரைக்குப் பதிலாக முட்டியில் தடவும் களிம்பையும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியையும், தாங்க முடியாத நாளில் மட்டும் பாராசிட்டமாலையும் எழுதினார் டாக்டரம்மா. பாராசிட்டமாலையும் முழு அளவில் தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் அழுத்தம் சற்று ஏறுகிறது என்று எடின்பரோவில் செய்த ஆய்வொன்று 2022இல் வந்திருப்பதால், அதற்கும் ஒரு வரம்பு சொன்னார்.

அந்த அட்டை வெளியே வந்ததும் மற்றவையும் வரத் தொடங்கின. மூக்கடைப்புக்குப் போடும் சளி மாத்திரைகள் சிலவும் ரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுபவை. நான் எதிர்பாராதது அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு அம்மா அதன் குச்சியை வாயில் அடக்கிக்கொள்வார். அதிலுள்ள இனிப்புப் பொருள் தொடர்ந்து உள்ளே போனால் உடம்பில் உப்பு தேங்கிப் பொட்டாசியம் குறைந்து அழுத்தம் ஏறும். எப்போதாவது ஒரு துண்டு பாதகமில்லை, தினசரி வழக்கம் கூடாது என்றார். நாட்டு மருந்து என்றாலே முகம் சுளிக்கிறவர் அல்ல அவர். சர்ப்பகந்தா வேரை வைத்துப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான் அந்த மூலிகையை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோயிற்று, அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் பல ஆண்டுகள் பிரஷர் மருந்தாக இருந்தது என்பதை அவரே எனக்குச் சொன்னார். வேருக்குள் மருந்து இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறவரிடம்தான், எந்த வேரைத் தின்கிறோம் என்பதைச் சொல்ல நோயாளிக்கும் வாய் வரும்.

அடுத்து, மருந்து உள்ளே போகிறதா என்ற கேள்வி. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால் இந்த நாட்டில் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பழகியது அது. டாக்டரம்மா, "எல்லாருக்கும் விட்டுப்போகும், உங்களுக்குப் போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டார். விட்டுப்போவது சகஜம் என்று அவரே சொல்லிவிட்டதால் அம்மாவுக்குக் கூச்சம் போய்விட்டது. சஷ்டியன்று விரதம், வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்று போடமாட்டார். வெளியூர் போகிற நாளில் சிறுநீர் மாத்திரையைத் தொடமாட்டார். அரியலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வர வேண்டுமென்றால், நடுவில் பெண்கள் நுழையக்கூடிய கழிப்பறை கிடையாது. தண்ணீரும் குடிக்காமல், மாத்திரையும் போடாமல் போய்வருவார். கல்யாணம், சீமந்தம், துக்கம் என்று மாதத்தில் இப்படிப் பல நாட்கள். மறதி என்று இதை எந்தக் கையேட்டிலும் எழுதிவிடலாம். உண்மையில் இது பஸ் நிலையக் கழிப்பறையின் பிரச்சினை. மருத்துவரிடம் இதைச் சொல்ல ஆண்களுக்கே கூச்சம் என்றால், பெண்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

அம்லோடிபின் விஷயம் வேறு. அளவு 10 ஆனதிலிருந்து மாலையானால் கணுக்கால் வீங்கிவிடும். கொலுசு அச்சாகப் பதியும். வீக்கம் என்றால் கிட்னி என்று பயந்த அம்மா, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்திருக்கிறார். அந்த மாத்திரை சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிந்து காலில் இறங்குகிறது. அளவு கூடக்கூட வீக்கமும் கூடும், பெண்களுக்கு இது அதிகம். இதயத்தாலோ சிறுநீரகத்தாலோ வருகிற வீக்கம் அல்ல என்பதைப் பரிசோதித்து உறுதிப்படுத்திக்கொண்டு, டாக்டரம்மா மொத்த மருந்தையும் மாற்றி எழுதினார்: அம்லோடிபின் 5, டெல்மிசார்டான் 40, இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை; சிறுநீர் மாத்திரை இப்போதைக்கு இல்லை. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, இரண்டு மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பது அழுத்தத்தை அதிகம் இறக்குகிறது, தொல்லையும் குறைகிறது. டெல்மிசார்டான் சேர்ந்தால் கால் வீக்கமே தணிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியும் ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுப்பதைத்தான் விரும்புகிறது. டெல்மிசார்டான் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால் சில வாரங்களில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார்.

காலையில் போடுவதா, இரவிலா என்பது நான் கேட்ட கேள்வி. இரவில் போட்டால்தான் நல்லது என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வு, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று முடித்துவைத்தது. எந்த நேரம் மறக்காதோ அந்த நேரம். அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொண்டார், ஏனென்றால் சஷ்டியன்றும் இரவில் பலகாரம் உண்டு.

உப்பைப் பற்றிய பேச்சு எல்லாக் கிளினிக்கிலும் நடக்கும், எங்கும் எதுவும் மாறாது. "உப்பு கம்மியாத்தான் போடுறோம்" என்று அம்மா சொன்னார்; எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டரம்மா அதை மறுக்கவில்லை. "மாசத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு வாங்குறீங்க?" என்று மட்டும் கேட்டார். ஒரு கிலோ பாக்கெட் ஒன்று. மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். மூன்று பேர், முப்பது நாள், ஆயிரம் கிராம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராமுக்குச் சற்று மேல். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கோலப் பலகையைக் கழுவவும் மீனை அலசவும் கொஞ்சம் போகும் என்று அம்மா வாதாடினார். சரி, அதைக் கழித்துக்கொள்வோம் என்றார் டாக்டரம்மா. கழித்தாலும் பாதிக்குப் பாதி அதிகம்தான், அதில் கடையில் வாங்குகிற அப்பளமும் ஊறுகாயும் மிக்ஸரும் இன்னும் சேரவில்லை.

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சமையலில் எவ்வளவு போடுகிறோம் என்பது கைப்பழக்கம், யாராலும் சொல்ல முடியாது. எத்தனை நாளில் பாக்கெட் தீர்கிறது என்பதை யாரும் சொல்லிவிடலாம். நம் சாப்பாட்டில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்களும் நமக்கே உரியவை. வெள்ளைக்காரர்களுக்குச் சொல்வதுபோல் ரொட்டியையும் பதப்படுத்திய இறைச்சியையும் குறைக்கச் சொன்னால் தஞ்சாவூர்க்காரருக்கு என்ன பயன்? மோர் மிளகாய், வத்தல், வடகம், மாவடு, நார்த்தங்காய், கருவாடு என்று உப்பையே பதப்பொருளாக வைத்து வெயிலில் காயவைத்த ஒரு பெரிய பண்டகசாலை நம்முடையது. தயிர்சாதத்தில் போடுகிற உப்பு போதாதென்று தொட்டுக்கொள்ள மாவடு. நாக்கு அதில்தான் அடங்குகிறது. எல்லாவற்றையும் விடச் சொன்னால் அம்மா எதையும் விடமாட்டார் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சாதம் வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்துங்கள், இட்லி மாவில் பாதியாக்குங்கள், ஊறுகாய் இலையில் ஒருவேளைக்கு மட்டும் என்று மூன்றே மூன்று கேட்டார். மாவடுவைக் காலைக்கும் இரவுக்கும் நடுவே எங்கே வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் சில நாள் விவாதம் நடந்தது.

இந்துப்புப் போட்டால் பிரஷர் வராது என்ற நம்பிக்கையும் இப்போது பரவலாக இருக்கிறது. அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். விலை மட்டும்தான் வேறு, அயோடினும் பெரும்பாலும் இருக்காது. உண்மையிலேயே வித்தியாசமானது, சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு. சீனாவின் 600 கிராமங்களில் நடத்தி 2021இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் சுமார் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டான் வகை மாத்திரை போடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏறிவிடும் அபாயம் உண்டு. கடையில் பார்த்ததும் வாங்கிவிடாமல் கேட்டுவிட்டு வாங்க வேண்டிய பொருள் அது. அம்மாவுக்கு வேண்டாம் என்றார். எனக்கும் மனைவிக்கும் தடையில்லை என்றார். ஒரே அடுப்பில் இரண்டு உப்பு நடக்காது என்பதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

எந்த எண்ணை நோக்கிப் போகிறோம் என்பதை நான் கேட்காமல் இருந்திருந்தால் டாக்டரம்மாவும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. அமெரிக்க வழிகாட்டி 2017இல் 130க்கு 80 என்று கோட்டைக் கீழே இறக்கியது. இந்தியாவில் நடைமுறையில் 140க்கு 90தான் கோடு. உலகச் சுகாதார நிறுவனம் பொதுவாக 140க்கு 90க்குக் கீழே என்றும், இதய நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றால் அபாயம் கூடியவர்களுக்கும் மேல் அளவு 130க்குக் கீழே என்றும் சொல்கிறது. ஸ்பிரின்ட் என்ற 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் கணிசமாகக் குறைந்தன. ஆனால் மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு போன்றவை கூடின, சர்க்கரை நோயாளிகள் அந்த ஆய்வில் இல்லை. "உங்களுக்கு 130 பக்கம் வந்தா சந்தோஷம், ஆனா எந்திரிச்சா தலை சுத்துதுன்னா 140க்குக் கீழே இருந்தாலே போதும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவரை எழுந்து நிற்கவைத்து மறுபடியும் அளந்தார். உட்கார்ந்திருக்கும்போது உள்ளதற்கும் நின்றபிறகு வருவதற்கும் பெரிய இறக்கம் இருந்தால், இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. வயதானவர்களுக்கு இதைச் செய்யாமல் மருந்தைக் கூட்டக் கூடாது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இப்படிப் பொறுமையாகக் கேட்கும் மருத்துவர் எல்லோருக்கும் அமைவதில்லை, அமைந்தாலும் கட்டணம் இருக்கிறது என்பார்கள். உண்மை. அரியலூர்ச் சித்திக்கு மாத்திரை அரசு வழியாக வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலரான பெண் வீட்டுக்கே வந்து அளந்துவிட்டுப் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சித்தி டாக்டரிடம் சொல்லாத கதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்கிறார்: எந்த மாத்திரை நெஞ்சைக் கரிக்கிறது, எதைப் போடாமல் டப்பாவில் வைத்திருக்கிறார், மருமகள் எவ்வளவு உப்புப் போடுகிறாள். நோயாளியின் பாதி விவரம் தடையில்லாமல் வெளிவருகிற இடம் அந்தத் திண்ணைதான். அது அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரின் காதுவரை போய்ச் சேரவும் வழி செய்துவிட்டால், பணம் கொடுத்துப் பார்க்கும் கிளினிக்கைவிட அந்த ஏற்பாடு மேலானதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

புதிய மாத்திரை தொடங்கி, வலி மாத்திரை நின்று, மாவடு ஒருவேளையாகக் குறைந்த பிறகு நாள்காட்டித் தாள்களில் எண்கள் இறங்கத் தொடங்கின. சராசரி 134க்கு 78இல் வந்து நின்றது. கால் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. இதில் எந்தப் பங்கு எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 180க்கு 120 என்ற அளவுக்கு மேல் போய் நெஞ்சுவலியோ, மூச்சுத் திணறலோ, வாய் கோணுவதோ, கை கால் விளங்காமல் போவதோ இருந்தால் தனக்குப் போன்கூடச் செய்யாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இந்தமுறை போனபோது அம்மா தானாகவே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரியாயிடுச்சே, இந்த மாத்திரையை எப்ப நிறுத்தலாம் டாக்டரம்மா?" இத்தனை ஆண்டுகளும் அவர் மனதில் இருந்த கேள்வி அதுதான் என்பது கேட்ட வேகத்திலேயே தெரிந்தது. "கண்ணாடி போட்டிருக்கீங்க, எழுத்து நல்லாத் தெரியுது, தெரியுதேன்னு கண்ணாடியைக் கழட்டிடுவீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. பிறகு, எடை இன்னும் சில கிலோ குறைந்து, உப்பும் இதே அளவில் நின்று, வீட்டு எண்கள் தொடர்ந்து 120 பக்கத்திலேயே இருந்தால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், அடியோடு நிறுத்துவது இந்த வயதில் அபூர்வம், எதுவாக இருந்தாலும் தன்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார். அம்மா ஒப்புக்கொண்ட மாதிரியும் இருந்தது, ஒப்புக்கொள்ளாத மாதிரியும் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பொட்டாசியப் பரிசோதனை முடிவோடு வரச் சொல்லியிருக்கிறார். வரும்போது கைப்பையில் இருப்பதை எல்லாம் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.